மகன் போனை எடுப்பதில்லை, பேசி வைத்ததையும் கேட்பதில்லை

கேள்வி: எனக்கு வயது 71. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நானும் மனைவியும் இருக்கிறோம். ஒரே மகன், டல்லாஸில் குடும்பத்தோடு இருக்கிறான். இரவுப் பலகாரம் முடிந்து எட்டு மணி வாக்கில் வீட்டு போனிலிருந்தோ செல்லிலிருந்தோ அவனைக் கூப்பிடுவேன். பாதி நாள் எடுப்பதில்லை. ஒரு இங்கிலீஷ்காரி, பீப் சத்தம் கேட்டதும் பேசச் சொல்கிறாள். நானும் பேசி வைப்பேன். எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டு ஒழுகுகிறது. ஓடு மாற்ற, பங்காளிகள் ஐந்து பேரும் தலைக்கு ரூ.40,000 போடுவது என்று பேசியிருக்கிறோம். அதையும் அப்படித்தான் சொல்லி வைத்தேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. பங்காளிகள் கேட்கும்போது தலைகுனிவாக இருக்கிறது. கடைசியில் அவனே கூப்பிட்டான். கேட்டால், “அந்த வாய்ஸ் மெயிலை எல்லாம் யார் அப்பச்சி கேக்குறா, டெக்ஸ்ட் பண்ணுங்க” என்கிறான். அவன் அனுப்பும் டெக்ஸ்ட்டோ இரண்டு சொல், அதுவும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில். என் ஐயா (தாத்தா) ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலு பக்கம். பெற்றவன் குரலைக் கேட்க ஒரு நிமிடம் இல்லாத பிள்ளையை என்னவென்று சொல்வது?

பதில்: அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

முதலில் ஓட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். மனக்குறையை அப்புறம் பேசலாம், ஒழுகல் காத்திருக்காது. இன்றைக்கே வாட்ஸாப்பில் எழுத்தாக இப்படி அனுப்புங்கள்: “தம்பி, இங்கே யாவரும் நலம். நம் வீட்டு இரண்டாங்கட்டு ஒழுகுகிறது. ஓடு மாற்ற நம் பங்கு ரூ.40,000. மற்ற நாலு பேரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். உனக்குச் சம்மதமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்.”

அவ்வளவு போதும். ஓட்டுக்காரர் என்ன சொன்னார், எந்தப் பங்காளி முதலில் முறுக்கிக்கொண்டார் என்பதெல்லாம் சுவாரசியமான விஷயங்கள்தான். அவற்றை வாரக் கடைசியில் போனில் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம். பணம், தேதி, சம்மதம் இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் நல்லது. உங்கள் குடும்பத்துக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. வட்டிக் கணக்கை வாயால் சொல்லிவிட்டு எழுந்து போன செட்டியார் யாராவது உண்டா?

சரி, இனி மகனைப் பற்றி.

நீங்கள் பேசி வைத்ததை அவர் கேட்காமல் விட்டது தப்பு. அதை நான் மழுப்பப் போவதில்லை. மூன்று வாரத்தில் வீட்டிலிருந்து எத்தனையோ பதிவு வந்து கிடக்கிறது, ஒன்றைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை என்றால் அது சோம்பல்தான். ஆனால் ‘பெற்றவன் குரல் கசந்துவிட்டது’ என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அவர் தவிர்ப்பது வாய்ஸ் மெயில் என்ற பெட்டியை. அந்தப் பெட்டியில் விழுந்தால் அவருடைய மேலதிகாரியின் குரலுக்கும் அதே கதிதான்.

நம் ஊரில் அந்தப் பெட்டி வேர்விடவே இல்லை. இங்கே நாம் வளர்த்தது மிஸ்டு கால். எதிர்முனை எடுத்தால்தான் காசு, மணி அடித்து நின்றால் செலவில்லை. 2003-ல் வருகிற அழைப்புக்குக் கட்டணம் கிடையாது என்று ஆன பிறகு, ஒரு மணி அடித்தால் வந்து சேர்ந்தேன், இரண்டு அடித்தால் கூப்பிடு என்று வீட்டுக்கு வீடு ஒரு பாஷையே உண்டானது. பேசிப் பதிவு வைத்தால் அழைத்தவருக்குக் காசு போகும். அதனால் யாரும் அதைத் தொடவில்லை. உங்கள் மகன் வெளிநாடு போனதால்தான் உங்களுக்கே அந்தப் பெட்டி அறிமுகம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே உங்கள் வயதுக்காரர்கள் வீட்டு போனோடு ஒரு பதிவு மிஷினை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்று பார்ப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். 2014 டிசம்பரில் அட்லாண்டாவிலுள்ள கோகோ கோலா தலைமை அலுவலகம் தன் போன்களில் வாய்ஸ் மெயிலையே நிறுத்தியது. அடுத்த வருடம் ஜேபி மார்கன் சேஸ் வங்கியும் தன் சில்லறை வங்கிப் பிரிவு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அதை எடுத்துவிட்டது. இப்போது அந்தப் பெட்டியில் நிறைய வந்து விழுவது, கார் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்கும் மிஷின் குரல்கள். குப்பைக்கு நடுவே அப்பச்சி குரலும் கிடக்கிறது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். நீங்கள் வீட்டு போனிலிருந்தும் அழைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை 04565 என்று தொடங்கி அவர் சேமித்து வைத்திருந்தால், அங்கே வரும் அழைப்பு +91 4565 என்று காட்டும். அது உங்கள் எண்தான் என்று அவருடைய போனுக்குப் புரியாமல் போகலாம். முன்பின் தெரியாத எண் என்றால் மணியே அடிக்காமல் நேராக வாய்ஸ் மெயிலுக்குத் தள்ளும் வசதி ஐபோனில் 2019 முதல் இருக்கிறது. மோசடி அழைப்புத் தொல்லைக்காகப் பலர் அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மகன் எடுக்கவில்லை என்று நீங்கள் நினைத்த சில இரவுகளில் அவர் போன் சத்தமே போடாமல் இருந்திருக்கலாம். இரண்டு எண்ணையும் +91 சேர்த்துச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. பதிவைத் தானாக எழுத்தாக்கிக் காட்டும் வசதியும் அங்கே உண்டு. ஆனால் நீங்கள் தமிழில் பேசியதை அது ஆங்கிலமாக எழுதப் பார்க்கும். உளறல்தான் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது.

உங்கள் கடிதத்தில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது ரங்கூன் கடிதங்கள். உங்கள் ஐயா காலத்தில் மூன்று வருடக் கணக்குக்கு, அதாவது வேலைத் தவணைக்கு, போனவர், கணக்கை முடித்துக்கொண்டுதான் ஊருக்குக் கப்பல் ஏறுவார். கடிதம் கடல் தாண்டி வந்து, பதில் கடல் தாண்டிப் போக வாரக்கணக்கில் ஆகும். உடனே பதில் வரவில்லை என்று அப்பத்தா கோபித்திருக்க வழியே இல்லை. அந்தத் தலைமுறைக்குப் பயம் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது: தந்தி. தபால்காரர் சைக்கிள் வேளையில்லா வேளையில் முகப்பில் நின்றால், பிரிப்பதற்கு முன்பே உள்ளே அழுகை கிளம்பிவிடும். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் தந்தியில் இரண்டு மூன்று வார்த்தைதான் இருக்கும். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. ஆனால் சுருக்கமான வாசகத்தைப் பார்த்தால் வரும் அந்தப் பதைப்பு உங்கள் வயதுக்காரர்களை விட்டு இன்னும் போகவில்லை. மகன் “ஓகே, லேட்டர்” என்று அனுப்பினால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கிறதே, பாதிக் காரணம் இதுதான். உங்களுக்குக் குரல் என்றால் நல்ல செய்தி. எஸ்டிடி பூத்தில், இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்று காத்திருந்து, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிய பேச்சு அது. காசு கொடுத்து வாங்கிய குரல்.

உங்கள் மகன் தலைமுறைக்கு இது அப்படியே தலைகீழ். அவர்களுக்கு எழுத்து என்றால் அன்றாடம். பால் தீர்ந்துவிட்டது என்பதிலிருந்து பிள்ளைக்குப் பல் விழுந்தது வரை எழுத்தில்தான் ஓடுகிறது. முன்னறிவிப்பில்லாமல் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் அதுதான் தந்தி. காரைக்குடியில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: “நேரங்கெட்ட நேரத்துல வீட்டு நம்பரைப் பார்த்தா வயித்தைக் கலக்குது.” எடுக்கப் பயந்து, பிறகு கூப்பிடலாம் என்று தள்ளி, தள்ளியதற்காகக் குற்ற உணர்ச்சி வந்து, அதனாலேயே இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போடும் பிள்ளைகளும் உண்டு. கேட்டால் பிஸி என்பார்கள்.

இந்தப் பயத்தில் நீங்கள் வைக்கும் பதிவு எப்படிப் போய் விழுகிறது, பாருங்கள். பெரும்பாலான அப்பச்சிமார்கள் பேசி வைப்பது இப்படி இருக்கும்: “தம்பி... அப்பச்சி பேசறேன்... (பெருமூச்சு, பின்னால் டிவி சத்தம்)... இருக்கியா... சரி... வந்ததும் கூப்பிடு.” விஷயம் ஒன்றுமே இல்லை. உங்களுக்கு அது சும்மா ஒரு விசாரிப்பு. வேலைக்கு நடுவே அதைக் கேட்பவருக்கு, ஆத்தாளுக்கு என்னவோ, அப்பச்சிக்குச் சர்க்கரை ஏறிவிட்டதோ என்று ஓடும். பதறிக்கொண்டு கூப்பிட்டால், “ஒண்ணுமில்லப்பா, சாப்பிட்டியான்னு கேக்கத்தான்” என்பீர்கள். நாலு தரம் இப்படி ஆனால், ஐந்தாவது தரம் பதிவைத் திறக்கவே கை போகாது. இதை ஆறு மாதம் செய்துவிட்டு, ஏழாவது மாதம் ஓட்டு விஷயத்தை அதே பெட்டியில் வைத்தால் யார் கேட்பார்கள்?

இதற்கு மருந்து உங்கள் பெட்டகத்திலேயே இருக்கிறது. அந்தக் கடிதங்களில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிள்ளையார் சுழி இருக்கும். அதற்கடுத்து, ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். ‘இப்பவும்’ என்று தொடங்கி அப்புறம்தான் விஷயம் வரும். அந்த வரியை நாமெல்லாம் சம்பிரதாயம் என்று கேலி செய்திருக்கிறோம். அது சும்மா போட்ட வரி இல்லை. கடிதத்தைப் பிரிப்பவருடைய முதல் பயத்தை முதல் வரியிலேயே எடுத்துவிடுவதற்காகப் போட்டது. போன் வந்ததும் அந்த வரியை நாம் தொலைத்துவிட்டோம், ஏனென்றால் பேசும் குரலிலேயே நலம் தெரிந்துவிடும். பதிவு வைக்கும்போது எதிரில் யாருமில்லை. அங்கே அந்த வரி மறுபடி தேவைப்படுகிறது.

ஆகவே இனிமேல் பேசி வைத்தாலும், எழுதினாலும் முதல் வாக்கியம்: “இங்கே யாவரும் நலம், அவசரம் ஒன்றும் இல்லை.” இரண்டாவது வாக்கியம், என்ன விஷயம். மூன்றாவது, பதில் எப்போது வேண்டும். பதில் தேவையில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். “உன் குரல் கேட்கணும் போல இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை பேசலாம்” என்று சொல்வதில் என்ன குறை? இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் பிள்ளை அபூர்வம்.

பேசிச் சொல்லத்தான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் பேசுவதை விட வேண்டாம். இடத்தை மட்டும் மாற்றுங்கள். போன் கம்பெனி வாய்ஸ் மெயிலை மறந்துவிட்டு, வாட்ஸாப்பில் மைக் படத்தை அழுத்திப் பேசி அனுப்புங்கள். 2013-லிருந்தே இருக்கிற வசதி. ஐஎஸ்டி காசு கிடையாது. நீங்கள் அனுப்பிய பதிவில் மைக் படம் நீலமானால் அவர் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். எழுத்துக்கான நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களால்கூட இதை அணைக்க முடியாது. இந்த ரகசியத்தை மகனிடம் சொல்லிக் காட்டி வம்பு வளர்க்க வேண்டாம். ஒரு பதிவில் ஒரே விஷயம், ஒரு நிமிடத்துக்குள். பதிவை வேகம் கூட்டிக் கேட்கும் வசதி 2021-ல் வந்துவிட்டது, உங்களை அவர் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கக்கூடும். கேட்கிறாரே என்று விட்டுவிடுங்கள். பேத்திக்கு ஒரு கதையோ, அவள் பெயரைச் சொல்லி நாலு வார்த்தையோ தனியாக அனுப்புங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஐயா குரல் எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காது. அங்கே வேகம் கூட்டும் வேலையும் இருக்காது.

எழுத்தில் அனுப்ப விரல் வரவில்லை என்றால், போன் கீபோர்டிலும் ஒரு மைக் இருக்கும். கூகுள் கீபோர்டில் 2017 முதல் தமிழில் பேசினால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும். பேரன் பேத்தி வயதுப் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரிடமாவது ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன்னால் ரூபாயையும் தேதியையும் மட்டும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மகன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவது உங்களுக்கு எரிச்சல் என்று தெரிகிறது. எனக்கும் அது பிடிக்காது. ஆனால் அது அவமரியாதையால் வந்த பழக்கம் இல்லை. அவர் கல்லூரியில் படித்த காலத்து எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து என்றால் 160 கொள்ளும், தமிழ் என்றால் 70 தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக இடம் பிடிக்கும். ‘அப்பச்சி’ என்று கூப்பிடுவதற்கே எட்டு இடம் போய்விடும். அனுப்பினாலும் பாதி போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். காசு மிச்சம் பிடிக்கப் பழகிய கை, காசு பிரச்சினை போன பிறகும் மாறவில்லை. இப்போது அந்தத் தடை எதுவும் இல்லாததால், “ஆத்தாளுக்குப் படிக்க முடியல, தமிழ்ல எழுது, இல்லேன்னா பேசி அனுப்பு” என்று நேராகக் கேளுங்கள். கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். தினமும் அவருக்குக் காலை வணக்கம், ரோஜாப்பூ, மூலிகை வைத்தியம், கோயில் அபிஷேக வீடியோ எல்லாம் அனுப்புகிறீர்களா? அனுப்புகிறீர்கள் என்றால், இருபது பூவுக்கு நடுவே ஒரு ஓட்டுக் கணக்கை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். அவற்றைப் பங்காளிகள் குரூப்புக்குத் திருப்பிவிடுங்கள். அங்கே ரசிக்க ஆள் உண்டு.

அடுத்து நேரம். உங்கள் இரவு எட்டு மணி, டல்லாஸில் கோடைக்காலம் என்றால் காலை 9.30, குளிர்காலம் என்றால் 8.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் இந்தக் கணக்கு மாறும். எப்படிப் பார்த்தாலும் பிள்ளையைப் பள்ளியில் விடும் நேரம், இல்லையென்றால் அலுவலகக் கூட்டம். வேலை நாளில் அந்த நேரத்துக்கு யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார். சனி, ஞாயிறு உங்கள் மாலை ஏழு, ஏழரைக்கு என்று ஒரு நேரத்தை இரண்டு பேருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காலைக் காபி நேரம் அது. வீடியோவில் ஆச்சியும் பேசலாம். அந்த ஒரு மணி நேரம் உறுதியாகிவிட்டால், மற்ற நாட்களில் எடுத்தாரா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை உங்களுக்கே குறைந்துவிடும். பாசத்துக்கு ஆஜர் பட்டியல் போட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி இருக்காது.

உண்மையான அவசரத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். உங்கள் வயதில் இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவேன். அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் அவசரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொந்தரவு வேண்டாம் என்று போனை அடக்கி வைத்திருந்தாலும், ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் மணி அடிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போன்களில் இது பதினைந்து நிமிடம். மகனும் மருமகளும் தங்கள் போனில் அதைப் போட்டு வைக்க வேண்டும். இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள், மகனை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பதிலுக்கு நீங்கள் ஒரு வாக்கு கொடுக்க வேண்டும்: சாப்பிட்டாயா என்று கேட்க ஒருபோதும் இரண்டாம் முறை அடிக்கக் கூடாது. அதை மீறினால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும்.

மகனுக்கும் ஒரு வார்த்தை, அவர் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில். தம்பி, கூட்டத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டாம். “மீட்டிங், ராத்திரி கூப்பிடறேன் அப்பச்சி” என்று தமிழில் நாலு சொல் அனுப்புங்கள். ‘லேட்டர்’ என்றால் எப்போது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது, மணியைச் சொல்லுங்கள். சொன்ன மணிக்குக் கூப்பிடுங்கள். வாய்ஸ் மெயில் வேண்டாம் என்றால், “இந்தப் பெட்டியை நான் பார்ப்பதில்லை, வாட்ஸாப்பில் அனுப்புங்கள்” என்று உங்கள் குரலில் தமிழில் பதிவு செய்து அதிலேயே வையுங்கள். அந்த இங்கிலீஷ்காரியிடம் அப்பச்சியைப் பேச விட்டுவிட்டு, அதைக் கேட்காமலும் இருப்பது சரியில்லை. பெட்டியில் கிடக்கும் பழைய பதிவுகளை அழிப்பதற்கு முன் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஓட்டுக் கணக்கு போல இன்னும் ஏதாவது பாக்கி இருக்கலாம்.

ஐயா, இந்தப் பதிலை மகனுக்குத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பக்கத்தைத் துண்டு துண்டாகப் போட்டோ எடுத்து, வரிசை மாற்றி, தலைகீழாக அனுப்ப வேண்டாம். முதலில் அந்த ரூ.40,000 பதில் வரட்டும். அதற்கப்புறம் இதை அனுப்பினால் போதும்.